தனியாக ஒரு முதல் பயணம்: தஞ்சாவூரில் இரண்டு இரவு

தனியாகப் பயணம் செய்ய வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஊர் தஞ்சாவூர். ரயில் நேராகப் போகிறது. பார்க்க வேண்டிய முக்கியமான இடங்கள் நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கின்றன. தனியாக ஒருவர் கோவில் பிராகாரத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இவற்றுக்கு மேலாக, ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர்கள் நம் மொழியிலேயே எழுதி வைத்த சுவர்கள் அங்கே இருக்கின்றன. இந்தக் கட்டுரை முதன்முறை தனியாகச் செல்பவருக்காக, வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். முதல் தனிப் பயணத்தில் ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். மூன்று நாளில் தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், திருச்சி என்று அடுக்கினால் பேருந்து நிலையங்கள்தான் நினைவில் நிற்கும். ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கி, ஒரே கோவிலுக்கு மூன்று முறை போவது இந்தப் பயணத்துக்குப் போதும்.

நாள் குறிப்பது

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள வாரங்கள் மிகவும் வசதியானவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். நான் முதன்முறை தனியாகச் சென்றது ஒரு மே மாதம். பகல் ஒரு மணிக்குப் பெரிய கோவில் வாசலில் செருப்பை விட்டு உள்ளே நடந்தேன். கருவறை நடை சாத்தியிருந்தது; கருங்கல் தளம் காலைச் சுட்டது; நந்தி மண்டபத்தின் நிழலை எட்டுவதற்குள் இரண்டு பாதங்களிலும் கொப்புளம் வந்துவிட்டது. எஞ்சிய ஒன்றரை நாளும் அறையிலேயே கழிந்தது. கோவில் நடை காலை 6 மணி முதல் பகல் 12.30 வரையும், மாலை 4 மணி முதல் இரவு 8.30 வரையும் திறந்திருக்கும் என்ற ஒரே செய்தியை முன்பே கேட்டறிந்திருந்தால் அந்தப் பயணம் வேறு மாதிரி அமைந்திருக்கும்.

கூட்டம் சேரும் நாட்களையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதோஷத்தன்று மாலையில் நந்தியைச் சுற்றிக் கூட்டம் நிறைந்திருக்கும். மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கனிகளாலும் இனிப்புகளாலும் அலங்காரம் செய்வார்கள். ஐப்பசி சதய நாளில் இராஜராஜனின் பிறந்த நட்சத்திரத்தைச் சதய விழாவாக ஊரே கொண்டாடும். அருகிலுள்ள திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும். இவை யாவும் காணத்தக்கவைதாம். ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம் என்பதால், முதல் பயணத்தைச் சாதாரணமான ஒரு வாரநாளில் வைத்துக்கொள்வது நல்லது.

பயணச்சீட்டும் அறையும்

சென்னையிலிருந்து செல்பவர்களுக்கு எழும்பூரில் இரவில் புறப்படும் உழவன் எக்ஸ்பிரஸை நான் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ரயிலின் கடைசி நிலையமே தஞ்சாவூர்தான். தூங்கிப்போய் ஊரைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற கவலை, தனியாகப் போகும் முதல் இரவில் யாருக்கும் வரும். இந்த ரயிலில் அதற்கு இடமில்லை. பகலில் போக விரும்புபவர்களுக்குச் சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மயிலாடுதுறைக்குப் பிறகு காவிரிப் படுகையின் வயல்களைச் சன்னலோரம் பார்த்துக்கொண்டே போகலாம். கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறை செல்லும் ஜன் சதாப்தி தஞ்சாவூர் வழியாகப் போகிறது. திருச்சியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான். பேருந்துகள் அடிக்கடி உண்டு. ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. போகும் சீட்டையும் திரும்பும் சீட்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடுங்கள், ஏனெனில் திரும்பும் சீட்டு உறுதியாக இருந்தால்தான் மனம் ஊரைப் பார்க்கும்.

அறையைப் பொறுத்தவரை இணையத்தில் பணம் கட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள். விடுதிக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசி, "நான் ஒருவர் மட்டும் வருகிறேன், இரண்டு இரவு தங்குவேன், விடியற்காலையில் வந்து சேருவேன், அப்போது அறை கிடைக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். தனி ஆளுக்கு, அதிலும் தனியாக வரும் பெண்ணுக்கு, அறை கொடுக்கத் தயங்கும் விடுதிகள் இன்றும் இருக்கின்றன. ஒருமுறை பதிவு செய்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பு மேசையின் முன் அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் வேறு இடம் தேடிப் போக வேண்டியிருந்தது. அதன் பிறகு தொலைபேசியில் பேசாமல் எங்கும் பதிவு செய்வதில்லை. பேசும் குரலிலேயே அந்த இடத்தின் தன்மை பாதி தெரிந்துவிடும். ஆதார் அட்டையின் அசலும் இரண்டு நகல்களும் கையில் இருக்கட்டும்.

விடுதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தஞ்சாவூரில் இரண்டு பேருந்து நிலையங்கள் உள்ளன. பழைய பேருந்து நிலையம் ஊரின் நடுவில், கோவிலுக்கு அருகில் இருக்கிறது. புதிய பேருந்து நிலையம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விலை சற்றுக் குறைவு என்பதற்காகப் புதிய பேருந்து நிலையப் பக்கம் தங்கினால் ஒவ்வொரு முறையும் ஆட்டோவையோ நகரப் பேருந்தையோ நம்ப வேண்டியிருக்கும். ரயில் நிலையத்துக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட காந்திஜி சாலைப் பகுதியில் தங்கினால், மதிய வெயிலில் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு மறுபடியும் கோவிலுக்கு நடந்தே போகலாம்.

மூட்டை

ஒரே ஒரு முதுகுப்பை போதும். பருத்தித் துணிகள், துண்டு, தண்ணீர்ப் புட்டி, தொப்பி அல்லது குடை, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், கைப்பேசிக்கு ஒரு பவர் பேங்க். கைப்பேசியிலேயே பணம் கட்டும் பழக்கம் இருந்தாலும் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி யாரிடமாவது இரவல் கிடைத்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பெரிய கோவிலின் விமானம், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரம், ஏறத்தாழ 216 அடி உயரம்; அதன் மேல்தளங்களைத் தரையில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் பாதிதான் தெரியும்.

வீட்டில் ஒருவரிடம் ரயிலின் பெயர், விடுதியின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, காலையும் இரவும் ஒரு செய்தி அனுப்புவதாக ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மணிக்கொருமுறை பேச வேண்டியதில்லை. அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, ரயில் பயணத்தில் உதவிக்கு 139 ஆகிய எண்களைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

முதல் காலை: பெரிய கோவில்

அறையில் பையை வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, ஏழு மணிக்குள் கிளம்புங்கள். காந்திஜி சாலையில் வடக்கே நடந்தால் இர்வின் பாலம் வரும். அதன் அடியில் ஓடுவது கல்லணைக் கால்வாய். ஊர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்பார்கள். வழி கேட்கும்போது நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பாலத்தைக் கடந்து இடப்புறம் திரும்பினால் சற்று நேரத்தில் விமானம் கண்ணில் படும்.

கோவில் கிழக்கு நோக்கியது. காலையில் நுழையும்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் கோபுரங்களும் விமானமும் நேர் வெளிச்சத்தில் தெரியும். அகழியைக் கடந்து உள்ளே போனதும் முதலில் வருவது கேரளாந்தகன் திருவாசல், அடுத்தது இராஜராஜன் திருவாசல். பெரும்பாலோர் இரண்டாவது வாசலின் பெரிய துவாரபாலகர்களை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே விரைந்துவிடுகிறார்கள். அந்த வாசலின் அடிப்பகுதியில் சிவபுராணக் கதைகள் சிறு சிறு சிற்பத் தொகுதிகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மார்க்கண்டேயர் கதையை அங்கே தேடிப் பாருங்கள். கூட யாரும் இல்லாததால், தேடிக் கண்டுபிடிக்கும்வரை நின்று பார்க்கலாம். தனியாகப் போனதன் முதல் பயன் இதுதான்.

உள்ளே போனதும் தரிசனத்தை முடித்துக்கொண்டு, கல் சூடேறுவதற்கு முன், அதாவது ஒன்பது மணிக்குள், விமானத்தை ஒருமுறை முழுமையாக வலம் வந்துவிடுங்கள். கோவில் பற்றிய கதைகள் பல உங்கள் காதில் விழும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். காலையில் மேற்குப் புறமும் மாலையில் கிழக்குப் புறமும் நின்று பார்த்தால் நிழல் நீண்டு கிடப்பதை நீங்களே காண்பீர்கள். உச்சியில் இருப்பது ஒரே கல் என்பார்கள். அது பல கற்களை இணைத்து அமைத்தது என்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முன்னால் வீற்றிருக்கும் பெரிய நந்தி இராஜராஜன் காலத்தது அன்று, நாயக்கர் காலத்தது. வடமேற்கு மூலையில் நுணுக்கமான வேலைப்பாட்டுடன் நிற்கும் சுப்பிரமணியர் கோவிலும் அப்படியே. வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதானால் அரசு அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்து, கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கோவிலுக்கு வழிகாட்டி அவசியமில்லை என்பது என் கருத்து, ஏனெனில் கோவிலே தன்னைப் பற்றிச் சொல்கிறது.

கல்லில் எழுதியதை எப்படி வாசிப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் நீளமான வரிகளாக எழுத்துகள் ஓடுகின்றன. அவை தமிழ். முதலில் பார்க்கும்போது ஒன்றும் புரியாது. மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பதினைந்து நிமிடத்தில் சொற்கள் தெரியத் தொடங்கும். முதலாவது, கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. இரண்டாவது, எ, ஏ என்பவற்றுக்கும் ஒ, ஓ என்பவற்றுக்கும் இன்று உள்ள குறில் நெடில் வேறுபாட்டை எதிர்பார்க்கக் கூடாது. மூன்றாவது, வடமொழிச் சொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும். ஆகவே தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்பதைக் கண்டதும் திகைக்க வேண்டாம். அதற்குப் பின் 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்ற தொடரைத் தேடுங்கள். இராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழைச் சொல்லும் கல்வெட்டு முன்னுரை, அப்படித்தான் தொடங்கும். த, ர, ம, க, ப என்ற எழுத்துகளைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னாலேயே வரும். கிளம்பும் முன் வீட்டில் கல்வெட்டு எழுத்துப் பட்டியல் ஒன்றைப் படமாகக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டால் இன்னும் எளிது.

அங்கே அரசன் சொன்னதாக வெட்டப்பட்டிருக்கும் ஒரு தொடர் உண்டு: 'நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்பது அந்த ஆணை. அக்கன் என்பது தமக்கை குந்தவையைக் குறிக்கும். கொடுத்தோம் என்று நாம் எழுதுவதை அவர்கள் குடுத்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டில் இன்றும் அப்படித்தான் பேசுகிறோம். அந்தச் சொல்லை முதன்முறை நானே எழுத்துக்கூட்டி வாசித்தபோது அருகில் யாரும் இல்லை என்பதால் வாய்விட்டே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

இதே கோவிலின் கல்வெட்டுகளில், பல ஊர்க் கோவில்களிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோவிலில் ஆடிப் பணிசெய்த பெண்களின்) பெயர்களும், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கின்றன. கோவிலைக் கட்டிய தச்சர் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்பதும் கல்வெட்டால்தான் தெரிகிறது. அரசன் தன் 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல், விமான உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்ததும் அப்படித்தான் தெரிந்தது.

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டன. அவற்றைப் பொதுமக்கள் நேரில் பார்க்க அனுமதி இல்லை. அவற்றின் படங்கள் கோவில் வளாகத்தில் உள்ள விளக்கக் கூடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்டுப் போய்ப் பாருங்கள்.

முதல் நாள் பகலும் மாலையும்

பத்தரை மணிக்குள் கோவிலை விட்டு வெளியேறி, அரண்மனைக்கு ஆட்டோவில் செல்லலாம். இங்கே ஆட்டோக்காரர்கள் மீட்டர் போடுவதில்லை என்பதால் ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். அரண்மனையில் நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கலைக்கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தச் சிற்பத்தில் காளை இல்லை. இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்பதுபோல் இறைவன் நிற்கிறார். சடையை முடிந்திருக்கும் விதத்தைப் பக்கவாட்டில் நின்றும் பின்னால் நின்றும் பாருங்கள். சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகப் பகுதி பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. ஓலைச்சுவடிகளும் இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்த நூல்களும் படங்களும் உள்ளன. விடுமுறை நாட்களும் நுழைவு நேரமும் ஒவ்வொரு பகுதிக்கும் வேறுபடுவதால் முந்தைய நாள் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். தனியாக உணவகத்துக்குள் நுழைவது முதல் நாள் கூச்சமாக இருக்கும். பன்னிரண்டரை மணிக்கு முன்பே போய்விட்டால் கூட்டம் இருக்காது, மேசையைப் பகிர வேண்டியும் வராது. மாலையில் மறுபடியும் பெரிய கோவிலுக்குப் போங்கள். இப்போது சூரியன் மேற்கே இருப்பதால் விமானத்தின் பின்புறம் சென்று உட்கார்ந்தால் கல்லின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து பிராகாரத்தில் அமர்ந்திருப்பார்கள்.

இந்த முதல் மாலையில்தான் தனிமை வந்து உட்காரும். எல்லோரும் குடும்பமாக இருக்க, நாம் மட்டும் எதற்காக வந்தோம் என்ற எண்ணம் எழும். கைப்பேசியை எடுத்து யாரிடமாவது பேசத் தோன்றும். அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் அன்று கண்டவற்றை எழுதுங்கள், அல்லது அருகில் இருக்கும் மூத்த பெண்மணியிடம் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேளுங்கள். "எந்த ஊரும்மா நீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்பார், பேச்சு தானாகத் தொடரும். தங்கியிருக்கும் விடுதியின் பெயரையும் தனியாக வந்திருப்பதையும் மட்டும் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உறவினர் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்வதில் தவறில்லை. இரவு எட்டரை மணிக்குள் விளக்குள்ள பெரிய சாலை வழியாக அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: தாராசுரம்

கும்பகோணம் செல்லும் பேருந்தில் ஏறி, தாராசுரத்தில் இறக்கிவிடும்படி நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். தஞ்சைப் பெரிய கோவிலை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோவிலையும் அதனோடு சேர்த்தது. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து மாறிப் போய்த் திரும்புவதிலேயே முழு நாளும் போய்விடும்.

தாராசுரம் இரண்டாம் இராஜராஜன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. தஞ்சையில் அண்ணாந்து பார்த்த கண்ணுக்கு இங்கே குனிந்து பார்க்கும் வேலை. குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த முன்மண்டபம், ஒரே தலையில் காளையும் யானையும் தெரியும் சிற்பம், கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி அறுபத்துமூன்று நாயன்மார்களின் வரலாற்றைக் காட்டும் சிறிய புடைப்புச் சிற்பங்கள் ஆகியவை இதன் சிறப்பு. கண்ணப்பர் கதையைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவற்றை அடையாளம் காண்பது எளிது. இங்கும் பகலில் நடை சாத்துவார்கள் என்பதால் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

நேரம் மிஞ்சினால் கும்பகோணம் சென்று டிகிரி காப்பி குடிக்கலாம். இட்லிக்குக் கடப்பா என்ற பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு கிடைத்தால் விட வேண்டாம். அல்லது மாலையில் தஞ்சையிலிருந்து 13 கிலோமீட்டரில் உள்ள திருவையாற்றுக்கு நகரப் பேருந்தில் போகலாம். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் பாலம் பாலமாக எண்ணிக்கொண்டே செல்லலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

கிளம்பும் நாள்

காலையில் மூன்றாம் முறை பெரிய கோவிலுக்குப் போங்கள். இந்த முறை எதையும் தேட வேண்டாம். முதல் நாள் எழுத்துக்கூட்டி வாசித்த அதே கல்லின் முன் நின்று, பட்டியலைப் பார்க்காமல் எத்தனை சொற்கள் வருகின்றன என்று பாருங்கள். எனக்கு ஆறு சொற்கள் வந்தன.

தலையாட்டி பொம்மை வாங்க நினைத்தால் இந்தக் கடைசி நாளில் வாங்குங்கள். முன்பே வாங்கினால் இரண்டு நாளும் அதைப் பாதுகாப்பதிலேயே கவனம் போகும். ஆடும் பொம்மையின் தலை, உடல், பாவாடைப் பகுதி ஆகியவை தனித்தனியாகக் கழன்று வரும். கடைக்காரரிடம் சொல்லிக் கழற்றி வாங்கி, ஒவ்வொன்றையும் தனித் துணியில் சுற்றி, பையின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மேசையின் மேல் மீண்டும் அடுக்கும்போது, கம்பி முனையில் தலை சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள்.